உரற் கதையும் ஒரு நூலும்

கண்டி வாவிக்கரையில் உலாவும் நாம், அவ்வாவியை அமைப்பித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை நினையாதிருத்தல் இயலாது. ஆயினும், அம்மன்னனைப் பற்றி நம்மிற் பலர் அறிந்தது ஒரேயொரு கதைதான். மிஷன் பாடசாலையில் நாம் படித்த சரித்திரப் பாடத்திலும் அதுவே நெஞ்சிற் பதிந்தது. 1814 ஆம் ஆண்டில் முதன்மந்திரி எகலப்பொல கிளர்ச்சி செய்து ஆங்கிலேயரிடம் புகலடைந்தார். கண்டியில் அகப்பட்டிருந்த அவர் மனைவி மக்கள் கொல்லப்பட்டனர். பிள்ளைகளின் சிரங்களை உரலிலிட்டு இடிக்கும்படி பெற்ற தாயையே மன்னன் பணித்தான் என்பது கதை.

இதனை விரிவாக எழுதி உலகறியச் செய்தவர்களுள் முக்கியமானவர் ஜோன் டேவி என்னும் வைத்தியர். இலங்கையின் உட்பகுதி பற்றிய அவர் நூல் 1821 இல் இலண்டனில் வெளிவந்தது. டேவி கூர்ந்து நோக்கும் விஞ்ஞானியே. ஆனால் அவர் இலங்கைக்கு வந்தது 1816 இல். அதுவும் கண்டியைக் கைப்பற்றிய தேசாதிபதி பிரௌன்றிக்கின் வைத்தியராக. எனவே, கொலைகளைப் பற்றி அவர் எழுதியது கண்டதன்று, கேட்டதே. மன்னனோ வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்தான். அவன் தரப்பைக் கேட்பாரில்லை.

கொடுமைக் கதைகளுக்கு அரசியற் பயனும் இருந்தது. 1815 மார்ச் 2 ஆம் திகதி அரண்மனை மண்டபத்திற் செய்யப்பட்ட கண்டி உடன்படிக்கையின் முதலாம் பிரிவே 'மலபார்' மன்னனின் கொடுமைகளைக் கூறுகின்றது. அதைக் காட்டியே அவன் அரசுரிமை பறிக்கப்பட்டது. அவன் உறவினரும் அனுமதியின்றிக் கண்டி நாட்டினுள் வருதல் தடுக்கப்பட்டது.

எதிர்க்குரல் ஆங்கிலேயரிடமிருந்தே எழுந்தது. அக்காலத்தில் இலங்கையிற் பணிபுரிந்த இராணுவ வைத்தியர் ஹென்றி மார்ஷல், 1846 இல் வெளியிட்ட நூலில் தம் அரசாங்கத்தின் செய்கைகளைக் கண்டித்தார். பேராதனையிற் பயின்ற மானிடவியற் பேராசிரியர் கணநாத் ஒபேசேகர, 2017 இல் வெளியிட்ட நூலில் மன்னனைக் கொடுங்கோலனாகக் காட்டும் சித்திரம் ஆங்கிலேயர் பிரசாரத்தால் உருவானது என வாதிட்டு, உரற் கதையையும் ஐயுற்றார்.

இனி நாம் யாது செய்வது? கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய அம்மன்னன் தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன். அவன்பால் நமக்குப் பற்று எழுதல் இயல்பு. ஆனால், உரல் ஐயத்துக்குரியது என்பதனாற் கொலைகளும் பொய்யாகிவிடா. தந்தையின் செயலுக்காகக் குழந்தைகள் மாண்டது, செய்வித்தவன் நம்மவனாயினும் கொடுமையே.

பகைவன் எழுதினான் என்று ஒரு நூலைத் தள்ளுதலும், அச்சேறியது என்று நம்புதலும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். எழுதியவர் யார், எப்போது எழுதினார், யாரிடம் கேட்டார், அதனாற் பயனடைந்தவர் யார் என்று வினவுதலே வாலிபராகிய நமது கடமை. நமக்குப் பிரியமான நூல்களிடமும் இவ்வினாக்களையே கேட்போமாக.