பூ வைத்தார்கள், அதனால் புதைத்தார்கள்

மெக்ஸிகோ சிட்டிக்கு ஆணி புடுங்கப் போன இடத்தில் கிடைத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட வந்த நண்பர் மால் போகலாம் என்றார். நான் ஸொகாலோ போகலாம் என்றேன்.

"அங்க என்ன இருக்கு?"

"ஒரு மைதானம்."

"மைதானத்துல?"

"ஒரு கொடிக்கம்பம்."

முறைத்துக்கொண்டே வந்தார் மனுஷன்.

நிஜமாகவே அவ்வளவுதான். ஊருக்கு நடுவில் பிரம்மாண்டமான காலி இடம், அதில் ராட்சதக் கொடி. வடக்கே கதீட்ரல், கிழக்கே தேசிய அரண்மனை. பெயரே ஒரு காமெடி. 1843-ல் சாண்டா அன்னா என்ற ஜனாதிபதி சுதந்திர நினைவுத் தூண் கட்ட ஆரம்பித்தார். பீடம் போட்டதோடு வேலை நின்றுவிட்டது. ஸொகாலோ என்றால் பீடம். வராத தூணின் பீடம்தான் சதுக்கத்துக்கே பெயர். 2017-ல் தரையைப் புதுப்பிக்கத் தோண்டியபோது அந்தப் பீடமே அடியில் கிடைத்தது.

இந்த ஊரில் கடப்பாரையை எங்கே போட்டாலும் ஏதாவது கிடைக்கும். காரணம் இருக்கு. இது ஏரிக்கு நடுவே இருந்த தெனோச்தித்லான், அஸ்டெக்குகளின் தலைநகர். 1521 ஆகஸ்ட் 13-ந் தேதி கோர்த்தேஸின் ஸ்பானியர்களிடமும் அவர்களோடு சேர்ந்த உள்ளூர்க் கூட்டாளிகளிடமும் விழுந்தது. மொக்தெசுமாவின் மாளிகை மேல் கோர்த்தேஸ் தன் மாளிகையைக் கட்டினார், அதுதான் இன்றைய அரண்மனை. கோயில் வளாகத்தின் மேல் கதீட்ரல். பழைய கோடை முழுசா எடுக்காமல் மேலேயே புதுசு எழுதினால் என்னாகும்னு நமக்குத் தெரியுமே? அதேதான். கீழே ஏரி மண், நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச ஊரே இறங்குகிறது. ஆனால் பழைய கட்டுமானம் புதைந்த இடம் மட்டும் அவ்வளவு இறங்குவதில்லை. கதீட்ரல் கோணிக்கொண்டு நிற்கிறது. உள்ளே நடந்தால் தரை சரிவது காலுக்கே தெரியும். எவ்வளவு சாய்கிறது என்று காட்ட ஒரு ஊசல்குண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது கதீட்ரல் கதை இல்லை, இரண்டு கற்களின் கதை.

1790-ல் வைஸ்ராய் ரெவில்லாகிகெடோ சதுக்கத்தைச் சமன்படுத்தித் தளம் போடச் சொன்னார். தோண்டியபோது ஆகஸ்ட் 13-ந் தேதி, நகரம் விழுந்து சரியாக 269 வருஷம் ஆன அதே நாளில், இரண்டரை மீட்டர் உயரத்துக்கு ஒரு அம்மன் வெளியே வந்தாள். கோவாட்லிக்குவே. பாம்புப் பாவாடை, வெட்டிய கைகளும் இதயங்களும் கோத்த மாலை, தலை இருக்க வேண்டிய இடத்தில் எதிரெதிரே இரண்டு பாம்புத் தலைகள். அடிப்பாகத்திலும், அதாவது மண்ணைப் பார்த்திருக்கும் பக்கத்திலும், செதுக்கியிருந்தார்கள். யார் கண்ணுக்கும் படாத சிற்பம்!

அதே வருஷம் டிசம்பர் 17-ல் இன்னொன்று. நாமெல்லாம் போட்டோவில் பார்த்த சூரியக் கல். 3.6 மீட்டர் விட்டம், சுமார் 24 டன்.

இரண்டையும் பற்றி 1792-லேயே புத்தகம் போட்டுவிட்டார் லியோன் இ காமா என்ற அறிஞர். ஆனால் இரண்டுக்கும் கிடைத்த மரியாதை வேறு. சூரியக் கல்லைக் காலண்டர், கணிதம், அறிவு என்றார்கள். கதீட்ரலின் மேற்குக் கோபுரச் சுவரிலேயே பதித்தார்கள். 1885 வரை அங்கேதான் இருந்தது. அம்மனைப் பல்கலைக்கழக முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நாளில் அங்கேயே குழிதோண்டிப் புதைத்துவிட்டார்கள்.

ஏன்? பிஷப் மொக்ஸோ 1805-ல் எழுதியதன்படி, பழங்குடி மக்கள் ஆளில்லாத நேரம் பார்த்து வந்து பூவும் மெழுகுவர்த்தியும் வைத்தார்களாம். கிட்டத்தட்ட 270 வருஷம் பாதிரியார்கள் பாடம் எடுத்த பிறகு! அவர்களில் யாரும் பிறந்து பார்த்திராத சாமி அது. எப்படி அடையாளம் தெரிந்தது? பாட்டி சொல்லியிருப்பாளோ? அவர்கள் தரப்பில் ஒரு வரிகூட இல்லை. டெலீட் பண்ணவனோட லாக் மட்டும்தான் இருக்கு. அந்த மக்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களைப் பிடிக்காதவர் எழுதியதுதான். இதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது.

1803-ல் மெக்ஸிகோ வந்த ஹம்போல்ட், ஒரு பிஷப்பின் சிபாரிசில் தோண்டி எடுக்க வைத்துப் பார்த்தார். அவர் போனதும் மறுபடி மண். 1823-ல் வில்லியம் புல்லக் என்ற ஆங்கிலேயர் அச்சு எடுக்க மறுபடி தோண்ட வைத்தார். அடுத்த வருஷம் லண்டனில் அந்த நகல் கண்காட்சிக்கு வந்தது. ஊர்க்காரன் பூ வைத்தால் மூடநம்பிக்கை, வெளிநாட்டுக்காரன் வந்து பார்த்தால் ஆராய்ச்சி.

1978 பிப்ரவரியில் கதீட்ரலுக்குப் பக்கத்திலேயே மின்சாரக் கம்பெனி ஆட்கள் தோண்ட, கோயோல்ஷௌகி என்ற தெய்வத்தின் வட்டக்கல் வந்தது. 3.25 மீட்டர். அதைத் தொடர்ந்து பிரதான கோயிலின் அடிவாரத்தையே தோண்டி எடுத்தார்கள். இந்த முறை யாரும் மண்ணைத் தள்ளி மூடவில்லை. மேலே இருந்த கட்டிடங்களைத்தான் இடித்தார்கள். அகழாய்வை நடத்தியவர் பெயர் எடுவார்டோ மாட்டோஸ் மொக்தெசுமா. நான் சும்மா சொல்லவில்லை, பெயரே அதுதான்.

சாயங்காலம் மானுடவியல் மியூசியத்துக்கு ஓடினோம். இப்போது சூரியக் கல்லும் அம்மனும் ஒரே கூடத்தில். கூட்டமெல்லாம் சூரியக் கல் முன்னால் செல்ஃபி எடுக்கிறது. அம்மன் முன்னால் வந்ததும் நண்பர் பேச்சை நிறுத்திவிட்டார். கை தானாக ஷூ லேஸ் வரைக்கும் போய், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அடிப்பக்கச் சிற்பம் பற்றிச் சொன்னேன். குனிந்து பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே?"

"தெரியாது."