தளம்பும் அதிர்வும் சுழல்தண்டுக் கொள்கையின் வளர்ச்சியும்

கொதிநீராவிச் சுழலியின் வரலாறு பெரும்பாலும் வலுப்பெருக்கத்தின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. 1884 இல் சார்ள்ஸ் பார்சன்ஸ் இங்கிலாந்தில் இயக்கிய சுழலி ஏறத்தாழ 7.5 கிலோவாற்று வலுவையே தந்தது. இன்றோ 10 இலட்சம் கிலோவாற்றுக்கு மேற்பட்ட வலுவை ஒரு சுழலியே தரவல்லது. இவ்வளர்ச்சியின் நிழலாகத் தொடர்ந்துவந்த வினா ஒன்றுண்டு. சுழல்தண்டு ஏன் அதிர்கின்றது என்பதே அது.

இவ்வினாவுக்கு முதன்முதல் விடைகூற முயன்றவர்களுள் றாங்கின் குறிப்பிடத்தக்கவர். குறித்த ஒரு கதிக்கு மேல் எத்தண்டும் உறுதியாகச் சுழலமுடியாதென 1869 இல் அவர் முடிவுசெய்தார். சுழற்சியோடு தோன்றும் கொறியோலிசு விசையை அவர் கணக்கிற் கொள்ளாமையே இத்தவறுக்குக் காரணமாகும். சுவீடன் நாட்டு டி லவால், 1880களின் இறுதியில், மெல்லிய வளையுந்தன்மையுள்ள தண்டினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 30,000 சுற்றுகள்வரை சுழற்றி, அவ்வெல்லை கடக்கத்தக்கதே எனச் செயலிற் காட்டினார். ஜேர்மனியில் ஃபொப்பல் 1895 இலும், பிரித்தானியாவில் ஜெஃப்கொட் 1919 இலும் இதற்குக் கணித விளக்கம் தந்தனர். அவதிக் கதிக்குக் கீழே தண்டின் பாரமான பக்கம் வெளிநோக்கி நிற்கும். அவதிக் கதியைக் கடந்தபின் அது உள்நோக்கித் திரும்பத் திணிவுமையம் சுழற்சி அச்சை அணுகும் என்பதே அவ்விளக்கத்தின் சாரம்.

இதனால், அதிர்வென்பது திணிவுச் சமமின்மையின் விளைவு. ஏற்ற நிறையைச் சேர்த்தால் அது தீரும் என்ற கருத்து வலுப்பெற்றது. ஆயின் மாறாத சமமின்மை, மாறாக் கதியில், மாறாத அதிர்வையே தரவேண்டும். ஒரே கதியில் ஓடும் பொறியின் அதிர்வு மணிக்கணக்கில் ஏறியும் இறங்கியும் தளம்புமாயின், அதற்குக் காரணம் வேறாதல் வேண்டும்.

அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஆய்வுசெய்த நியூகேர்க் இத்திசையில் வழிகாட்டினார். சமநிலைப்படுத்தலாற் குறையாத அதிர்வுகளும் உளவென 1924 இல் அவர் வெளியிட்டார். பல பாகங்களைப் பொருத்தி அமைத்த தண்டுகளின் உள்ளுராய்வே அவற்றின் காரணமெனக் காணப்பட்டது. போதிகையின் எண்ணெய்ப் படலமும் தண்டினை அலைக்கவல்லதென்பதை அடுத்த ஆண்டில் அவரும் ரெய்லரும் எடுத்துக்காட்டினர்.

தளம்பலைப் பொறுத்தவரை, உராயும் தண்டு பற்றி 1926 இல் நியூகேர்க் எழுதிய கட்டுரையே முதன்மையானது. சுழலும் தண்டு அசையாப் பாகத்தில் உரசும்போது, வெளிநோக்கி வளைந்த பக்கமே மீண்டும் மீண்டும் தொடுகின்றது. அப்பக்கம் சூடேறி விரிவதனால் தண்டு அதே பக்கமாக மேலும் வளைகின்றது. அவதிக் கதிக்குக் கீழே இவ்வளைவு மூலச் சமமின்மையோடு கூடுவதால் அதிர்வு பெருகிக்கொண்டே செல்லும். விரைவில் நிறுத்தாவிடின் தண்டு நிலையாகவே வளைந்துவிடலாம். அவதிக் கதிக்கு மேலே அவ்வளைவு மூலச் சமமின்மையை எதிர்ப்பதால் அதிர்வு தணிகின்றது. சூடேறிய இடம் மெல்ல நகர்கின்றது. பின்னர் அதிர்வு மீண்டும் எழுகின்றது. தளம்பல் பிறப்பது இவ்வாறே.

1960களிற் பரவத் தொடங்கிய சுழிப்போட்ட உணரிகள், தண்டின் அசைவைத் தொடாமலே அளக்க வழிசெய்தன. வீச்சத்தோடு அவத்தையையும் ஒருங்கே குறித்தால், உரசலால் எழும் தளம்பல் வரைபடத்தில் மெதுவாக வட்டமிடும். அதன் மீடிறன் சுழற்சி மீடிறனுக்குச் சமமாயிருக்கும். எண்ணெய்ப் படலத்தால் எழும் அலைவின் மீடிறனோ பொதுவாகச் சுழற்சி மீடிறனின் அரைப்பங்கிலும் சற்றுக் குறைவாகத் தொடங்கும். இவ்வேறுபாட்டை அறியாது சமநிலை நிறை சேர்ப்பவர், அக்கணத்துக்கு மட்டும் பொருந்தும் திருத்தத்தைச் செய்து, அடுத்த மணியில் அதிர்வைக் கூட்டவுங்கூடும். அங்கு வேண்டப்படுவது அடைப்புகளின் இடைவெளியையும் தண்டின் நேர்நிலையையும் ஆராய்தலேயாகும்.

றாங்கின் முதல் நியூகேர்க் வரையான இவ்வரலாறு புலப்படுத்துவது ஒன்றே: அதிர்வின் அளவு நோயைச் சுட்டும், அது காலத்தோடு மாறும் விதமே நோயின் காரணத்தைக் காட்டும்.