மீட்பு வட்டும் இயல்புத் தேர்வும்

தலைமையாசிரியர் வராத நாளிலும் பள்ளி நடந்தாக வேண்டும். அன்று மணி அடிப்பவர் யார், காலைக் கூட்டத்தை நடத்துபவர் யார் என்பதை முன்னரே வகுத்து வைத்திருப்போம். எவரும் எதுவும் சொல்லாதபோது நடக்க வேண்டியது இன்னதென முன்கூட்டியே விதிக்கும் முடிவு கணினியிலும் உண்டு. அதனை 'இயல்புத் தேர்வு' எனலாம். பழுதுற்ற கணினியை எழுப்பும் மீட்பு வட்டில் இத்தேர்வு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை, உலகம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

மின்னாற்றல் பாய்ந்த அந்நொடியில், நிரலைப் படிப்பதற்கே கணினிக்கு ஒரு நிரல் வேண்டும். தன் காலணி வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளும் செயலோடு இதனை ஒப்பிட்டனர்; 'பூட்' என்னும் சொல் அதிலிருந்தே பிறந்தது. 1949-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு டேவிட் வீலர் என்பார் 31 தொடக்கக் கட்டளைகளை வகுத்தார். பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்திற் புகுந்து, துளைநாடாவிலுள்ள நிரலைப் படிக்கும். அன்று வழி ஒன்றே. ஆதலின் தேர்வுக்கு இடமில்லை.

வழி இரண்டானபோதுதான் சிக்கல் பிறந்தது. 1983-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியில் நெகிழ்வட்டும் வன்வட்டும் இருந்தன. அது முதலில் நெகிழ்வட்டை நாடும். அங்கு வட்டு இல்லையெனில் வன்வட்டுக்குச் செல்லும். வன்வட்டு கெட்டாலும் நெகிழ்வட்டைக் கொண்டு கணினியை எழுப்பலாம். மீட்புக்கு ஏற்ற முறையே. ஆயினும் அந்த வாயிலின் வழியே நோயும் நுழைந்தது.

1986-இல் லாகூரில் தோன்றிய 'பிரெய்ன்' என்னும் நச்சுநிரல் நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியிற் குடிகொண்டது. 1987-இல் நியூசிலாந்தில் தோன்றிய 'ஸ்டோன்ட்' வன்வட்டையும் பற்றியது. அதன் வழிவந்த 'மைக்கேலாஞ்சலோ', மார்ச் 6-ஆம் நாளன்று கணினியை இயக்கினால் வன்வட்டின் தொடக்கப் பகுதியை அழிக்கும். 1992-இல் அந்நாளை எதிர்நோக்கி உலகமே அஞ்சியது. பயனர் செய்த பிழைதான் யாது? முதல்நாள் செருகிய வட்டை எடுக்க மறந்தார்; அவ்வளவே. மறதியை எதிர்பாராத இயல்புத் தேர்வு அதனைக் கேடாக்கிற்று.

1995-இல் பீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனத்தார் 'எல் டோரிட்டோ' என்னும் விதிமுறையை வெளியிட்டனர். குறுவட்டிலிருந்து கணினியை எழுப்பும் முறையை அது வகுத்தது. அதன் தொடக்கப் பட்டியலில் சரிபார்ப்புப் பதிவை அடுத்து நிற்பது இயல்புப் பதிவே என்பது நோக்கத்தக்கது. விண்டோஸ் எக்ஸ்பியின் நிறுவல் வட்டோ, ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு கேட்கும். எவரும் அழுத்தாவிடின் வன்வட்டுக்கே திரும்பும். நிறுவலின் இடையில் கணினி மீண்டும் எழும்போது, வட்டு உள்ளேயே இருப்பினும் வேலை முதலிலிருந்து தொடங்காமைக்கு இதுவே காரணம். மௌனத்தை இணக்கமாகக் கொள்ளாத நல்ல முறை இது.

லினக்ஸ் மீட்பு வட்டுகளில் பட்டியலும் காத்திருப்பு நேரமும் உண்டு. அவற்றை அமைப்போர் கருதவேண்டிய நுட்பம் ஒன்றுளது. ஐசோலினக்ஸ் என்னும் ஏற்றி காத்திருப்பை நொடியின் பத்திலொரு பங்காக எண்ணும். அதில் 300 என்றால் 30 நொடி. குரப் என்னும் ஏற்றியோ முழு நொடியாக எண்ணும். அதில் 300 என்றால் 5 நிமிடம். சுழியம் இட்டால் வேற்றுமை இன்னும் பெரிது. ஐசோலினக்ஸ் விசை அழுத்தும்வரை காத்திருக்கும். குரப் நொடியும் காவாமல் இயல்புத் தேர்வை இயக்கிவிடும். பட்டியலின் முதல் வரியைக் குரப் 0 என்றே எண்ணும் என்பதையும் மறத்தலாகாது. 1 என்று எழுதினால் இரண்டாம் வரியே இயங்கும்.

ஆகவே, மீட்பு வட்டை அமைப்போர்க்கு வரலாறு கற்பிக்கும் பாடம் தெளிவு. இயல்புத் தேர்வு தீங்கற்றதாக, வன்வட்டிலுள்ள கணினியையே எழுப்புவதாக இருக்கட்டும். வட்டைத் துடைத்துப் புதிதாக்கும் வேலை பட்டியலின் கடைசியில் நின்று, இருமுறை கேட்ட பின்னரே தொடங்கட்டும். ஓராண்டு மதிப்பெண் பட்டியல் முழுதும் ஒரே வன்வட்டில் இருக்கும் பள்ளிகள் உள்ளன. வட்டை எடுக்க மறப்பவர் நம்மில் எவராகவும் இருக்கலாம். மறந்தவரையும் காப்பதே மீட்பு வட்டின் கடன்.