குரோம்: தோலுக்கே திரும்பி வந்த சொல்



உங்கள் வீட்டில் எத்தனை 'குரோம்' இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குளியலறைக் குழாயில் மின்னுவது குரோம் பூச்சு. பிள்ளைகள் இணையம் பார்ப்பது குரோம் பிரவுசரில். டாக்டர் எழுதித் தரும் சில சோதனைகளில் குரோமோசோம் வருகிறது. வாசலில் கழற்றி வைத்த ஆம்பூர் ஷூவின் தோல் பெரும்பாலும் குரோமில் பதனிட்டது. இத்தனைக்கும் வேர் 'க்ரோமா' என்ற ஒரே கிரேக்கச் சொல்தான்.

க்ரோமா என்றால் நிறம். அதன் பழைய பொருள் உடம்பின் மேற்பரப்பு, தோல், தோலின் நிறம். தமிழருக்கு இது புதிதல்ல. நம் 'மேனி'க்கும் உடல், நிறம் என்று இரண்டு பொருளும் உண்டே!

இந்த வேரைப் பிடித்துக்கொண்டால் பல ஆங்கிலச் சொற்கள் தாமாக விளங்கும். 'மோனோ' என்றால் ஒன்று. மோனோகுரோம் என்றால் ஒரே நிறத்தில் அமைந்த படம். 'சோமா' என்றால் உடல். சாயம் ஏற்றிய செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது அழுத்தமாக நிறம் பிடித்துத் தெரிந்த இழைகளுக்கு 1888-ல் ஜெர்மானிய அறிஞர் வால்டையர் வைத்த பெயர் குரோமோசோம். இலையின் நிறமிகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிய ரஷ்யத் தாவரவியலாளர் ஸ்வெட், அந்த முறைக்குக் குரோமேட்டோகிராஃபி என்று பெயரிட்டார்.

1797-ல் பாரிஸில் வோக்லன் என்ற வேதியியலாளர் சைபீரியச் சிவப்புத் தாது ஒன்றில் புதிய உலோகம் இருப்பதைக் கண்டார். அதன் உப்புகள் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, ஊதா எனப் பல நிறம் காட்டியதால் குரோமியம் என்று பெயர் வந்தது. மரகதத்தின் பச்சையும் மாணிக்கத்தின் சிவப்பும் இந்த உலோகத்தின் சிறு கலப்பால்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் முன்பு தோலை ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிட்டார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். 1884-ல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் உப்பால் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கு ஓரிரு நாளாகச் சுருங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அரசு சார்பில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் இதைச் செய்து காட்டினார். 1970-களில் மத்திய அரசு பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் ஷூவையும் ஊக்குவித்தது. நம் பகுதியில் குரோம் வேகமாகப் பரவியது. வங்கியில் ஏற்றுமதி பில்களைப் பார்த்தவர்களுக்கு 'வெட் புளூ' என்ற சொல் பழக்கமானது. குரோமில் நனைந்து நீலமாக வெளிவரும் ஈரத்தோலின் பெயர் அது. ஆக, தோல் என்ற பொருளில் பிறந்த சொல் உலகைச் சுற்றித் தோலுக்கே வந்து சேர்ந்தது.

பல்லாயிரம் குடும்பங்கள் இந்தத் தொழிலில் சாப்பிட்டன. பாலாறு அதற்கு விலை கொடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டதைக் குறிப்பிட்டு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் இன்று நம் ஊர்ப் பெயருள்ள இந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

குரோமியத்தில் இரண்டு வகை முக்கியம். தோல் பதனிடுவது டிரைவேலண்ட், தீங்கு குறைவு. மற்றது ஹெக்ஸாவேலண்ட். 'ஹெக்ஸா' என்றால் கிரேக்கத்தில் ஆறு. இது நச்சு, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். அங்கே கசியும் நீரின் மஞ்சள் நிறம் இந்த வகையின் அடையாளம்.

மஞ்சளாக இல்லாத நீர் எல்லாம் சுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். நிறம் என்று பெயர் பெற்ற பொருள், குறைந்த அளவில் நிறமே காட்டாமல் நீரில் இருக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. குடிநீரில் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். டி.டி.எஸ். மீட்டர் 500 காட்டும் நீரில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பத்தாயிரம் ரூபாயில் ஒரு ரூபாய் கள்ளக்காசு என்றால், மொத்தத் தொகையை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியுமா? அதுபோல்தான் மீட்டரும்.

ஆகவே நம் போர்வெல் நீரை அடுத்த முறை சோதனைக்கு அனுப்பும்போது, 'மொத்தக் குரோமியம்', 'ஹெக்ஸாவேலண்ட் குரோமியம்' என்ற இரண்டையும் தனியாகக் கேட்டு எழுத வேண்டும் என்று சங்கச் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அறிக்கை வந்ததும் நோட்டீஸ் போர்டில் நீங்களும் அந்த இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள்.