மேசைக்கு வெளியே ஊமைத்துரை

போர்விளையாட்டு வெறும் பொழுதுபோக்கல்ல. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் தன் ராணுவத்துக்காக அச்சிட்ட விதிநூலின் வாரிசு அது. படையைப் பார்க்கும்; ஊரைப் பார்க்காது.

நெப்போலியன் காலத்து விதிகளை வைத்து, சிவகாசித் தீப்பெட்டிகளைப் படைகளாக நிறுத்தி, 1801 பாஞ்சாலங்குறிச்சிப் போரை விருதுநகரில் நண்பர்களோடு சோதித்தாடினோம். மார்ச் 31இல் கும்பினித் தாக்குதல் தோற்றது சரியாவே வந்துச்சு. மே 24, கோட்டை வீழ்ச்சி. விதிப்படி, காயம்பட்ட ஊமைத்துரையின் காய் வெளியே, ஆட்டம் முடிஞ்சுபோச்சு.

வரலாற்றில் முடியவில்லை. தேடி வந்தவர்களிடம் அம்மை நோய் என்று சொல்லிக் கிராமத்துப் பெண்கள் அவரை மறைத்தார்கள். கும்பினி அதிகாரி வெல்ஷே இதைப் பதிவுசெய்திருக்கிறார். பிழைத்த ஊமைத்துரை மருதிருவரோடு சேர்ந்தார்; தூக்கிலிடப்பட்டது நவம்பர் 16இல்.

அந்தப் பெண்களுக்கு விதியில் இடமில்லை. பாடநூலில் மட்டும் இருக்கா என்ன? அடுத்த ஆட்டத்தில் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களையும் வரையணும்.