1977, 1983, 1989: ஒரு டென்மார்க்காரரின் மூன்று ஆண்டுகள்

1977, 1983, 1989. இந்த மூன்று ஆண்டுகளையும் எங்கட ஆக்கள் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். 77 என்றால் ஆவணிக் கலவரம், 83 என்றால் ஆடிக் கலவரம், 89 என்றால் இந்திய இராணுவம் ஊரில் நின்ற காலம் என்று கேள்வி முடிய முன்னமே பதில் வரும். ஆனால் இவை ஒரு டென்மார்க் டிஜே வெளியிட்ட மூன்று இசைத்தொகுப்புகளின் பெயர்கள். ஆள் ரூன கோல்ஷ். ஜேர்மனியின் கொம்பக்ட் நிறுவனம் இவற்றை 2013, 2015, 2017 என்று இரண்டு வருட இடைவெளியில் வெளியிட்டது. மூன்றுமே அவருடைய சின்ன வயதைப் பற்றியவை. 1977 அவர் பிறந்த ஆண்டு.

"உந்த டொம் டொம் சத்தத்துக்குள்ள என்னப்பா சின்ன வயசு?" என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கட வீட்டிலும் அப்படிக் கேட்கிற ஆக்கள் இருக்கினம்.

கோல்ஷ் வளர்ந்தது கொப்பன்ஹேகனின் கிறிஸ்தியானியாவில். இராணுவம் கைவிட்டுப் போன பழைய முகாம் ஒன்றுக்குள் 1971 செப்டெம்பரில் இளைஞர்கள் புகுந்து, "இது சுதந்திர நகரம்" என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ 34 ஹெக்டெயர் நிலம், அதுவும் தலைநகரத்தின் நடுவில். எங்கட தாய் தகப்பன்மாருக்கு அந்த இடம் என்றால் கஞ்சா விற்கிற தெரு மட்டும்தான். அந்தத் தெருவின் கல்லுகளைக் குடியிருப்பாளர்களே 2024 ஏப்ரலில் கிளப்பி எடுத்துவிட்டார்கள். ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்தது. பழைய குதிரைப் பயிற்சிக் கொட்டகை ஒன்று "சாம்பல் மண்டபம்" என்ற பெயரில் இசை அரங்காகியது. லொப்பன் என்ற இன்னொரு அரங்கில் 1973 தொடக்கம் கச்சேரிகள். ஒரு பிள்ளை அந்தச் சூழலில் வளர்ந்தால் காதில் என்னென்ன விழுந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கோல்ஷின் 1983 என்பது பயணம். காரின் பின் இருக்கையில் ஆறு வயதுப் பிள்ளை, காதில் வோக்மன், ஜன்னலுக்கு வெளியே ஐரோப்பா தெற்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. முதன்முதலில் இதை அறிந்தபோது எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது. அதே ஆண்டு ஆடி மாதம் கொழும்பில் எங்கட சனம் இருந்த வீடுகளும் கடைகளும் எரிந்தன. தெற்கிலிருந்து கப்பலில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். அந்தப் பிள்ளையின் 83 எங்கட 83க்கு எதிர்த் திசையில் ஓடியது. அதற்காக அவரில் கோபப்பட ஒன்றும் இல்லை. பிள்ளைப் பருவத்துப் பாட்டு எல்லோருக்கும் ஒரே பாதையால் வருவதில்லை.

இன்னொரு பொருத்தம். ஹவுஸ் இசையின் முதுகெலும்பு என்று சொல்லப்படும் ரோலண்ட் டிஆர்-909 தாள இயந்திரம் ஜப்பானில் வெளிவந்ததும் 1983இல்தான். அதற்கு முன்னோடியான 808 வந்தது 1980இல்.

ஹவுஸ் பிறந்த கதை சிக்காகோவினுடையது. நியூயோர்க்கில் பிறந்த கறுப்பின இளைஞர் பிராங்கி நக்கிள்ஸ் 1977இல் அங்கே போய், "வெயர்ஹவுஸ்" என்ற மண்டபத்தில் இசைத்தட்டுப் போடத் தொடங்கினார். அந்தப் பெயரின் பின்பாதிதான் ஹவுஸ். அங்கே ஆட வந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர்களும் லத்தீன் இனத்தவர்களும்; அவர்களில் கனபேர் தன்பாலினத்தவர். வெளியே மதிப்பில்லாதவர்கள், உள்ளே இரவு முழுக்கத் தங்கள் இடம் என்று ஆடினார்கள். அவர் போட்டது டிஸ்கோவும் பிலடெல்பியாப் பாட்டுகளும். அந்தப் பாட்டுகளின் குரலுக்குள் தேவாலயப் பாடலும் இருந்தது.

1979 யூலை 12 அன்று அதே சிக்காகோவில், ஒரு பேஸ்போல் மைதானத்தில், டிஸ்கோ இசைத்தட்டுகளைப் பெட்டியில் குவித்து வெடி வைத்தார்கள். விளையாட்டு என்றுதான் சொன்னார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததோடு இதை ஒப்பிட நான் வரவில்லை. ஆனாலும் ஒரு சனத்தின் இசையையோ எழுத்தையோ குவித்து எரிக்கிற படத்தைப் பார்த்தால் எங்களுக்குச் சும்மா கடந்து போக முடிவதில்லை. பிறகு இசை நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்டன. புதுத் தட்டு வருவது குறைய, நக்கிள்ஸ் பழைய பாட்டுகளை நாடாவில் வெட்டி ஒட்டி நீட்டினார், தாள இயந்திரத்தையும் சேர்த்தார். கையில் இருந்ததை வைத்துச் சமாளித்ததில் ஒரு இசை பிறந்தது.

வெட்டி ஒட்டுவது எங்களுக்கும் புதிதல்ல. ஊரில் ரெக்கோடிங் கடைக்குப் போய் ஒரு தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, அறுபது நிமிடக் கசெற்றில் அடித்து வாங்கிய தலைமுறை நாங்கள். கடைசிப் பாட்டு நடுவில் வெட்டுப்படும். இன்றும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த இடத்தில் என் மனம் நிற்கும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று யோசித்து எழுதினவன் ஒரு வகையில் டிஜேதான்.

தாளமும் அப்படித்தான். ஹவுஸில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120, 125 அடி, நான்கு நான்காக, நிற்காமல். கோயில் திருவிழாவில் தவில் சமாவுக்கு முன்னால் விடிய விடிய நின்றவருக்கு, நிற்காத தாளம் ஆளை என்ன செய்யும் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை. தவிலின் கணக்கு உந்த நான்கு அடியைவிடப் பல மடங்கு சிக்கலானது என்பது வேறு விடயம்.

நம்ம பக்கத்து ஆள் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982இல் டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்களை வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார். அதில் அவர் பாவித்தவை 808உம், டிபி-303 என்ற அடிநாத இயந்திரமும். அதே 303இன் சத்தம் சிக்காகோவில் "அசிட் ஹவுஸ்" என்று பெயர் எடுத்தது 1987இல். சிங்கின் தட்டு விற்கவில்லை, மறந்து போனார்கள். 2010இல் மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2015இல் அவர் காலமானார்.

கோல்ஷின் 1989 தொகுப்பில் பல பாட்டுகளின் தலைப்பு ஒரே சொல்: சாம்பல் நிறம், வெவ்வேறு மொழிகளில். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. டென்மார்க்கின் கார்த்திகை மாதத்தில் இருந்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். 80களின் நடுப்பகுதியில் இங்கே வந்து இறங்கிய எங்கட பெடியளுக்கும் தெரியும். 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைப்பை நிறுத்தி வைத்தார். அந்த வழக்கில் 1993 சனவரியில் ஷ்லூட்டர் அரசே பதவி விலகியது. பெண்சாதி பிள்ளைகள் அங்கே, ஆள் இங்கே. அந்தக் காலத்தில் கசெற் என்பது பாட்டுக்கு மட்டுமில்லை. கடிதம் எழுத ஏலாதவர்கள் பேசிப் பதிந்து அனுப்புவார்கள். ஒரு பக்கம் தாயின் குரல், மறுபக்கம் இளையராஜா.

2003இல் "கலாப்ரியா" என்ற பாட்டை வெளியிட்டதும் இதே ரூன கோல்ஷ்தான். பேர் தெரியாவிட்டாலும் அந்தச் சாக்ஸபோன் துண்டு உங்களுக்குத் தெரியும், எங்கட கலியாண மண்டபங்களிலும் போட்டு ஆடியிருக்கிறார்கள். 2007 வடிவத்தில் பாடிய நத்தாஷா, சூடானியத் தகப்பனுக்கும் டெனிஷ்த் தாய்க்கும் பிறந்தவர். அதே ஆண்டு ஆனி மாதம் ஜமேக்காவில் கார் விபத்தில் இறந்தார், வயது 32.

இங்கே பிறந்த எங்கட பிள்ளைகளும் இப்போது கணினியில் தாளம் அடுக்குகிறார்கள். அவர்களுக்குத் துண்டு எடுக்க அந்தக் குரல் கசெற்றுகள் இருக்கின்றன, அலுமாரிக்கு மேல் பெட்டியில். நாடா ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. வைத்திருப்பவர்கள் இந்த மாரிக்குள் கணினியில் ஏற்றிவிடுங்கள்.