ஆட்களுக்கு முன்னாடியே கிளம்பிய பணம்: மெக்டவல் கவுண்டி

இன்னைக்கு அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிற மெக்டவல் கவுண்டிக்குப் போறோம். கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரின்னு வெச்சுக்கோங்க. 1950 சென்சஸில் இங்கே 98,887 பேர். 2020-ல் 19,111 பேர். எழுபது வருஷத்தில் அஞ்சில் நாலு பங்கு ஜனம் இல்லை.

இப்படிப்பட்ட இடப்பெயர்ச்சியை அளக்க அமெரிக்க வருமான வரித் துறை ஒரு டேட்டாசெட் வெளியிடுது. போன வருஷ ரிட்டர்னில் இருக்கிற முகவரியையும் இந்த வருஷ முகவரியையும் ஒப்பிடுவாங்க. கவுண்டி மாறியிருந்தா, ஒரு ரிட்டர்னை ஏறக்குறைய ஒரு குடும்பம்னு எடுத்துக்கிட்டு, அந்தக் குடும்பத்தையும் அதோட வருமானத்தையும் இங்கே கழிச்சு அங்கே கூட்டுவாங்க. அதாவது, வருமானம்ங்கிறது ஆள் தலையில் தூக்கிட்டுப் போற மூட்டை. மெக்டவல் வரலாறு அப்படி நடக்கலை.

1880-ல் இது 3,074 பேர் இருந்த மலைக்காடு. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில் வந்தது, நிலக்கரி வெட்ட ஆரம்பிச்சாங்க. 1910-ல் 47,856 பேர். தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள், இத்தாலி, ஹங்கேரியிலிருந்து குடியேறிகள்னு எல்லாரும் வந்தாங்க. ஆனா நிலமும் நிலக்கரியும் பெரும்பாலும் வெளியூர் கம்பெனிகள் கையில். குடியிருக்கிற வீடு கம்பெனியோடது, மளிகைக் கடையும் கம்பெனியோடது. பல இடங்களில் அந்தக் கடையில் மட்டும் செல்லுபடியாகிற டோக்கன்தான் கூலி. ஜனம் உள்ளே வந்துகிட்டிருந்த காலத்திலேயே லாபம் ரயிலேறி வெளியே போய்கிட்டிருந்தது.

1950-ல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ், முதலாளிகளோட ஒரு ஒப்பந்தம் போட்டார். நல்ல கூலியும் நலநிதியும் கிடைக்கும், பதிலுக்குச் சங்கம் இயந்திரங்களைத் தடுக்காது. வேலையில் இருந்தவங்களுக்கு லாபம்தான். ஆனா வேலையே சுருங்கிடுச்சு. 1960-ல் ஜனத்தொகை 71,359. இளவட்டங்கள் டெட்ராய்ட், கிளீவ்லாந்துன்னு தொழிற்சாலை தேடிப் போனாங்க. வயசானவங்களும், நிலக்கரித் தூசியில் நுரையீரல் கெட்டவங்களும் நிறைய பேர் அங்கேயே தங்கிட்டாங்க. 1961 மே மாசம் கென்னடி அரசு உணவுக் கூப்பன் திட்டத்தைச் சோதனையா ஆரம்பிச்சப்போ, முதல் கூப்பன்கள் கொடுக்கப்பட்டது இந்தக் கவுண்டியின் தலைநகர் வெல்ச்சில்தான். 1980-களில் யு.எஸ். ஸ்டீல் தன் சுரங்கங்களையும் மூடியது. அந்தப் பத்து வருஷத்தில் 49,899 பேர் 35,233 ஆனாங்க.

இப்போ அந்த டேபிளுக்குத் திரும்புவோம். சுரங்க லாபம் வெளியே போனதுக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது, ஏன்னா எந்தக் குடும்பமும் வீடு மாறலை. பென்ஷன், நுரையீரல் நோய் உதவித்தொகை, கூப்பன் எல்லாம் உள்ளே வந்ததுக்கும் அதில் வரி இல்லை. வருமானம் ரொம்பக் குறைஞ்சு ரிட்டர்னே தாக்கல் செய்யாதவங்க, அந்தக் கணக்கிலேயே வரமாட்டாங்க.

அதனால, "சம்பாதிக்கிறவங்க ஓடிட்டாங்க, ஊர் ஏழையாச்சு"ன்னு யாராவது இந்த டேபிளைக் காட்டினா, வரிசையைக் கவனிங்க. மெக்டவலில் முதலில் போனது லாபம், அப்புறம் வேலை. ஜனம் கடைசியாத்தான் கிளம்பினாங்க. பழியை மட்டும் அவங்க மேல போடுறது நியாயமில்லை.